சித்தி அமுக்கிய முதல் பொத்தான்

சித்தி எந்த மெஷினையும் காதால்தான் பழகிக்கொள்வாள். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அன்று, கூடவே வந்த புத்தகத்தை அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, அது போடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அதை வழிக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பழக்கத்தில் சித்தப்பாவின் சட்டைகள் சில சுருங்கிப் போயின. "தொப்பை போட்டுக்கிட்டு சட்டை மேல பழி போடறாரு" என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிட்டாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்த சமயம் அது. மதியச் சாப்பாட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. அதனால் நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதியைச் சித்தி சொன்னாள், திரும்பத் திரும்ப, நான் கேட்காதபோதும்.

மாடியில் ஒரு ஆபரேஷன் தியேட்டரும், கீழே காயங்களுக்குக் கட்டுப் போடும் அறையும் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் வேண்டிய கத்தரி, இடுக்கி, துணிகள் எல்லாம் பின்பக்கத்து அறையிலிருந்துதான் போகவேண்டும். அந்த அறை சித்தியுடையது. கருவிகளைக் கழுவி, செட் செட்டாகத் துணியில் மடித்து, டேப் ஒட்டி, ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் வேகவைத்து எடுப்பாள். பழைய ஆட்டோகிளேவ் நின்றபடி இருக்கும் ஒரு பெரிய பீப்பாய். மூடியைச் சக்கரம் போலத் திருகி மூடவேண்டும். அது சீறுகிற தினுசை வைத்தே உள்ளே எல்லாம் வெந்துவிட்டதா என்று சித்தி சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குக்கரம்மா என்று பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

அந்தப் பீப்பாயின் அடிப்பாகம் கசிய ஆரம்பித்ததும் புதிது வந்தது. சதுரமான எஃகுப் பெட்டி, முகத்தில் கண்ணாடித் திரை, சத்தமே இல்லை. பொருத்த வந்த கம்பெனி ஆளுக்கு இன்னொரு ஊரில் இன்னொரு மெஷின் காத்திருந்தது. ஒரு கையில் போனைப் பிடித்தபடியே மறு கையால் கதவைத் திறந்து மூடிக் காட்டினார்.

"எல்லாம் புத்தகத்துல இருக்குங்க. ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க."

"நீங்க கிளம்புங்க தம்பி, பஸ்ஸை விட்டுடப் போறீங்க. நான் பார்க்காத மெஷினா."

பிளாஸ்டிக் உறை பிரிக்காத அந்தப் புத்தகம் அலமாரி மேலே போயிற்று.

மறுநாள் காலையில் முதல் தடவையாக ஓட்டினாள். திரையில் ஐந்து படங்கள் வந்தன. முதல் படம் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பச்சையாக எரிகிறது என்றால் 'என்னை அமுக்கு' என்றுதானே அர்த்தம் என்று அமுக்கிவிட்டாள். பழைய பீப்பாய் சூடாகிற நேரத்துக்குள் இது வேலையையே முடித்துக் கதவைத் திறந்துவிட்டது. சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொரு செட்டின் மேலும் ஒட்டியிருந்த டேப்பில் வெளுத்த கோடுகள் கறுத்திருந்தன. கோடு கறுத்தால் வெந்தது என்று அர்த்தம். அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஆனால் செட்டுகள் ஈரமாக இருந்தன.

இந்த ஒரு விஷயத்தைத்தான் சித்தியால் பிற்பாடு விழுங்க முடியவில்லை. ஈரமான செட்டை வெளியே அனுப்பக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. பழைய பீப்பாயிலிருந்து ஈரமாக வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் திரும்ப உள்ளே தள்ளியிருப்பாள். புது மெஷின் தப்புச் செய்யும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. 'புதுசுதானே, போகப் போகச் சரியாயிடும்' என்று, சூடாக இருந்த அதன் தலைமேலேயே செட்டுகளைப் பரப்பிக் காயவைத்தாள். காய்ந்ததும் இரண்டு பெரிய செட்டுகளில் ஒன்றை மாடிக்கு அனுப்பினாள். சின்ன தையல் செட் ஒன்று கீழ் அறைக்குப் போயிற்று.

நான் சாப்பாட்டோடு போனபோது மேஜைமேல் ஒரு கத்தரி தனியாகக் கிடந்தது. அறையில் மிச்சமிருந்த பெரிய செட்டில் அதை வைக்க மறந்திருக்கிறாள்.

"வயசாகுதில்ல" என்று சிரித்துக்கொண்டே டேப்பைப் பிரித்தாள். "இதை உள்ள வச்சுத் திரும்ப ஓட்டிட்டுச் சாப்பிட வரேன். நீ உட்காரு கண்ணு."

துணியை மடிப்பு மடிப்பாக விரித்தாள். பெரிய செட்டுகளின் நடுவில் ஒரு சின்ன அட்டை வைப்பது வழக்கம். வைக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்கும், நீராவி நடுவரைக்கும் போனால் கறுப்பாகும். சின்ன செட்டுகளுக்கு அதை வைப்பதில்லை, மேலே ஒட்டிய டேப்போடு சரி.

அட்டை வெளிர் மஞ்சளாகவே இருந்தது.

சித்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "இது என்ன கலர்னு சொல்லு."

"மஞ்சள்."

"கறுப்பா தெரியலையா? ஓரத்துல கொஞ்சம்கூடவா?"

"இல்ல சித்தி."

அவள் அட்டையை மேஜைமேல் போட்டாள். "மாடிக்கு ஒண்ணு போயிருக்கு" என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. இத்தனை வருடத்தில் சித்தி அதைத் தாண்டியதில்லை. செட்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கொடுப்பாள். அன்றும் கோட்டின்மேல் வந்து நின்றுவிட்டாள். அங்கிருந்தே எட்டிக் கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. உள்ளங்கையால் அறைந்தாள். தலைமை நர்ஸ், எல்லோருக்கும் பெரியக்கா, முகமூடியோடு கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"என்ன குக்கரம்மா, உள்ள ஆள் படுத்திருக்கு."

"கத்தி வச்சாச்சாக்கா?"

"இப்பதான் செட்டைப் பிரிக்கறோம்."

"பிரிக்காதீங்க. அது வேகல. என்கிட்ட இருந்த ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தேன், அட்டை மாறல."

பெரியக்கா உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். பிறகு டாக்டரம்மா வந்தார். கையுறையோடு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சித்தி சொல்வாள்.

"காலையில ஓட்டினதுல வேற எது வெளிய போச்சு?"

"தையல் செட் ஒண்ணு. கீழே."

"யாருக்குப் போட்டோம்?"

பெரியக்காதான் பதில் சொன்னார். "சலூன்காரருக்கு. கட்டைவிரல். கத்தி நல்லா ஆழமா இறங்கியிருந்தது. தச்சு அனுப்பிட்டோம்."

படுத்திருந்தவருக்குப் பழைய கையிருப்பிலிருந்து வேறு செட்டை எடுத்தார்கள். அந்த ஆபரேஷன் முடியும்வரை சித்தி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வெளியே வந்ததும் முதலில் சொன்னது, "அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க."

சித்தி எடுத்துவந்தாள். பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் வாங்கிக் கிழித்துக் கொடுத்தேன்.

"நீங்களே படிங்க" என்றார் டாக்டரம்மா.

திரையில் வந்த அந்த ஐந்து படங்களும் இருந்த பக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சித்தி விரல் வைத்துப் படித்தாள். "முதல் படம் காட்டும் முறை, துணியில் மடிக்காத கருவிகளுக்கு மட்டும். அவசரத் தேவைக்கு. மடித்த செட்டுகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. துணிக்குள் இருக்கும் காற்றை இது வெளியேற்றாது. உலர்த்தாது." அடுத்த வரியில் அவள் குரல் இறங்கிவிட்டது. "செட் ஈரமாக வந்தால், டேப் நிறம் மாறியிருந்தாலும், அதைப் பயன்படுத்த வேண்டாம்."

"எழுதியே வச்சிருக்கான்" என்றார் பெரியக்கா, யாரிடமும் என்றில்லாமல்.

"நானும்தான் உங்களைக் கேட்கல, படிச்சீங்களான்னு" என்றார் டாக்டரம்மா. "அதை அப்புறம் பேசலாம். சூடு பட்டிருக்கு, சாமான் நல்லா கழுவினது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பெரும்பாலும்னு சொல்லி ஒருத்தரை வீட்ல விட்டுட முடியாது. போன் பண்ணி வரச் சொல்லுங்கக்கா."

"நான் போறேன்" என்றாள் சித்தி. "போன்ல சொல்ற விஷயம் இல்ல இது."

சலூன் அடுத்த தெருவில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் சுழல் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட விரலை யாருக்கோ சபாஷ் சொல்வது போல நிமிர்த்தி வைத்திருந்தார். எதிரே ஒரு தபால்காரர் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. இன்னிக்கு முடி வெட்டறதில்ல, வாய் மட்டும்தான் திறந்திருக்கு."

சித்தி சுற்றி வளைக்கவில்லை. காலையில் மெஷினைத் தப்பான முறையில் ஓட்டியதை, அவர் விரலைத் தைத்த சாமான்கள் அதிலிருந்து வந்ததை, உடனே வந்து மறுபடி காட்டவேண்டும் என்பதை அடுத்தடுத்துச் சொன்னாள். பேசும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் தன் விரலைப் பார்த்தார்.

"வேகாத சாமான்ல என் விரலைத் தச்சிருக்கீங்க."

"ஆமாங்க."

"எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்கா, இந்தத் தொழில். கட்டைவிரல் இல்லாம கத்தரி பிடிக்க முடியுமா? நீங்களே பிடிச்சுப் பாருங்க, முடியுதான்னு."

தபால்காரர் மெதுவாக ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார்.

"படிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"தெரிஞ்சிருக்கும்."

அவர் எழுந்து சட்டையை மாட்டப் பார்த்தார். கட்டுப் போட்ட விரல் சட்டைக் கைக்குள் நுழையவில்லை. சித்தி உதவப் போனாள். "வேண்டாம், விடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் காயத்தைப் பிரித்துக் கழுவி மறுபடி தைத்தார்கள். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். தையல் பிரிக்கும்வரை தினமும் வந்து காட்டவேண்டும் என்றார்கள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சித்தி அன்று மாலை டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

"நீங்க போனா அடுத்து வர்றவங்களும் பச்சையா எரியறதைத்தான் அமுக்குவாங்க" என்றார் அவர். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க புத்தகத்தை. முழுசா முடிச்சிட்டு வந்து மெஷின் பக்கம் நில்லுங்க. அதுவரைக்கும் பெரியக்கா ஓட்டட்டும்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் படிப்பு என்று சொல்வதா பயம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. விடிந்ததும் சித்தி சமையலறை மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துவிடுவாள். அடுப்பில் பால் பொங்கும், அவள் 'எச்சரிக்கை' என்று தொடங்கும் வரிகளை உரக்கப் படித்துக்கொண்டிருப்பாள். ஒரு வரியைப் படித்ததும் நிறுத்தி, அதை மீறினால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசிப்பாள். யோசித்ததை எங்களுக்கும் சொல்வாள். கதவு ரப்பரைத் துடைக்காவிட்டால் என்ன ஆகும், குழாய்த் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும், காலையில் முதலில் வெறுமனே ஒருமுறை ஓட்டிச் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"ஏம்மா, இப்படிப் படிச்சா மெஷின் பரீட்சை எழுதிடும்" என்பார் சித்தப்பா. அவர் டயர் கடை வைத்திருப்பவர். எதையும் உதைத்துப் பார்த்துத்தான் நம்புவார்.

"நீங்க சும்மா இருங்க. அந்தக் காத்தடிக்கற மெஷினுக்குப் புத்தகம் வந்துச்சே, அது எங்க?"

"அது… கடையில எங்கயாவது இருக்கும்."

"எங்கயாவதுன்னா?"

சித்தப்பா தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டார். "உங்க சித்தி தலைவலித் தைலப் பாட்டிலையே இப்ப கண்ணாடி போட்டுப் படிக்கறா" என்றார் என்னிடம் தணிந்த குரலில். "நெத்தி வலின்னு எடுத்தா. படிச்சு முடிக்கறதுக்குள்ள வலி போயிடுச்சு."

சிரித்தோம். ஆனால் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வேலைக்குப் போகிற வழியில் தினமும் சலூனுக்குப் போய்விடுவாள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். சில நாள் நானும் கூடப் போனேன். அவளுடைய நடை மாறியிருந்தது. சலூன் பலகை கண்ணில் படும்வரை வேகமாகப் போவாள், பட்டதும் காலை இழுத்துக்கொண்டு நடப்பாள். சலூன்காரர் பேச்சைக் குறைக்கவில்லை, ஆனால் அதில் முள் வைத்திருந்தார்.

"வாங்க, விரலை விசாரிக்க வந்துட்டாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தாகூட யாரும் கேட்கல, விரலுக்கு மட்டும் தினம் விருந்தாளி."

"காய்ச்சல் இருக்கா?" சித்தி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனாள்.

"பேச்சுக்குச் சொன்னேங்க."

"பேச்சுக்குக்கூடச் சொல்லாதீங்க."

நாலைந்து நாள் கழித்து விரல் வீங்கியது. கட்டின் ஓரத்தில் தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. "அப்படித்தான் இருக்கும்" என்று அவரே சொன்னார், ஆனால் கிண்டல் பண்ணவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் போனபோது சலூன் ஷட்டர் முழுக்க இறக்கியிருந்தது. பக்கத்துச் செருப்புக்கடைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கையைப் பிடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போனாரே, விடியறப்பவே. ரொம்ப வலின்னு."

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விரலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும். "இல்ல சித்தி" என்றேன். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கீழ் அறையில் டாக்டரம்மா அவர் விரலை விளக்குக்குக் கீழே வைத்திருந்தார். ஒரு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றியிருந்தார்கள். சலூன்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மேலாகத்தான் இருக்கு, உள்ள இறங்கல" என்றார் டாக்டரம்மா. "மாத்திரையை மாத்தறேன். ஆமா, கட்டு ஏன் இப்படி ஊறியிருக்கு? தண்ணில விட்டீங்களா?"

சலூன்காரர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தர் வந்தாரு. தலை மட்டும் கழுவி விட்டேன். ஒரு கையாலதான்."

"ஒரு கையாலயா?"

"ஒண்ணரைக் கையால."

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டார். சித்தி வாசற்படியிலேயே நின்றாள். "அப்ப இது அதனாலயா?" என்று கேட்டாள். "இல்ல என்னாலயா?"

"சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "அன்னிக்கே வெட்டுன கத்தியில இருந்திருக்கலாம். செட்டுல இருந்திருக்கலாம். தண்ணியாவும் இருக்கலாம். தெரிஞ்சுக்க வழி இல்ல."

சித்திக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டாள். தெரியாது என்பதை இனிமேல் தூக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது போலிருந்தது. சலூன்காரர் அவள் பக்கம் திரும்பினார். அன்றுதான் முதல்தடவையாக அவர் குரலில் முள் இல்லை.

"கட்டை நனைக்கக்கூடாதுன்னு மாத்திரைக் கவர்லயே பெரியக்கா எழுதித்தான் கொடுத்தாங்க" என்றார். "நான் எங்க படிச்சேன்."

வீக்கம் மெதுவாகத்தான் வடிந்தது. அந்த நாட்களில் சித்தி புத்தகத்தை முடித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பியிருந்தாள். இப்போது சின்ன செட்டுகளுக்குள்ளும் அட்டை வைத்தாள். காலையில் வெறும் மெஷினை ஓட்டிவிட்டு, சோதனை அட்டை கறுத்து வரும்வரை அதன் முன்னால் நின்றாள். முன்பு காதால் வேலை பார்த்தவள், இப்போது திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கறுத்த அட்டையைப் பெரியக்காவிடம் காட்டி, "இது கறுப்புதானேக்கா?" என்று கேட்பாள். "கறுப்புதான் தாயே" என்பார் அவர். அடுத்த செட்டுக்கும் கேட்பாள்.

தையல் முழுக்கப் பிரித்த பிறகும் விரல் விறைப்பாகவே இருந்தது. மடக்கி நீட்டிப் பழகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தரி பிடித்துப் பார்க்கப் போகிறேன் என்று சலூன்காரர் சொல்லி அனுப்பினார். நாங்கள் மூன்று பேரும் போனோம். அவர் கத்தரியைக் காற்றில் வெட்டிக்கொண்டிருந்தார். கடையில் இருந்த இரண்டு பேரும் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

"தலை கொடுக்க ஒரு ஆள் வேணும்" என்றார். "காத்துல வெட்டி என்ன தெரியும்?"

சித்தப்பா சுழல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "காது ரெண்டும் எண்ணி வச்சுக்கோம்மா" என்றார் சித்தியிடம்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில், விரல் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். கத்தரி முதலில் தயங்கியது. பிறகு சரக் சரக்கென்று ஓட ஆரம்பித்தது. ஒரு பக்கம் முடிந்தது. பின்கழுத்துக்கு வந்தபோது நின்றுவிட்டது. அவர் கையை உதறினார். சித்தி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்கல. இறுக்கமா இருக்கு. அப்படியே நில்லுங்கக்கா, பக்கத்துல வந்தா கை நடுங்குது."

அவள் அப்படியே நின்றாள். அவர் மறுபடி தொடங்கினார். இந்தமுறை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் துணியை உதறிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். சித்தப்பா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இடது பக்கம் ஏறியிருக்கே."

"தலையே அப்படித்தான். இத்தனை நாளா முடி மறைச்சிருந்தது."

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். சித்தி சலூன்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை மடக்கிக் காட்டுங்க" என்றாள்.

அவர் கத்தரியை வைத்துவிட்டு விரலை மடக்கினார். உள்ளங்கையை முழுக்கத் தொடவில்லை, ஆனால் கிட்டத்தில் வந்தது. நீட்டினார்.

"இன்னொரு தடவை."

அவர் மறுபடி மடக்கினார்.